பஸ்மிலாவின் பாஸ்கீ

“ஷிப்லிய உள்ள தள்ள வேணும், மெடம்” என்றபடிதான் அர்ஷாத் வந்து உட்கார்ந்தான்.

கல்முனையில் சட்டத்தரணி ஜெனூபாவின் அலுவலகத்தில் அவளும் எழுதுவினைஞர் டனிஸ்டனும் மட்டுமே இருந்தார்கள். அர்ஷாத்தின் தங்கை பஸ்மிலாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் சாய்ந்தமருது வீட்டில் டெங்குக் காய்ச்சலோடு கிடக்க, செவ்வாய்க்கிழமை காலை யாரோ பயிற்சிக் கல்லூரியின் இணையத்தளத்தில் அவளுடைய கணக்குக்குள் நுழைந்து அந்த இடமே வேண்டாமென்று அறிவித்துவிட்டார்கள். ‘உங்கள் இடம் விலக்கிக்கொள்ளப்பட்டது’ என்று ஒரே வரியில் குறுஞ்செய்தி வந்திருந்தது.

“பாஸ்வேர்ட எடுத்துப்போட்டு பாஸ்கீ போட்டுக் குடுத்தவன் எங்கட மச்சான் ஷிப்லிதான். அந்தக் கீய அவன் வெச்சிக்கிட்டான். நிந்தவூரில இருந்துகொண்டே உள்ள போய், குடும்பக் காரணம் எண்டு போட்டு இடத்த விட்டிருக்கான். என்ட தங்கச்சிர வாழ்க்கையே போச்சி!” அர்ஷாத் கண்களைத் துடைத்தான்.

அரை மணித்தியாலத்தில் மூவரும் சாய்ந்தமருது வீட்டில் இருந்தார்கள். பஸ்மிலா உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தாள்.

“எஸ்.எம்.எஸ் வந்த பிறகு கணக்கத் திறந்து பார்த்தீங்களா மகள்?” என்று கேட்டாள் ஜெனூபா.

“இல்ல மெடம். பார்க்க மனம் வரல்ல. போன் தலகாணிக்குப் பக்கத்திலேயே கிடந்திச்சி.”

“செவ்வாக்கிழம காலத்தால வீட்டில ஆர் இருந்த?”

“நான் ரெத்த ரிப்போட் எடுக்கப் போயிருந்தன்” என்றாள் தாய் ஜுனைதா. “அர்ஷாத்தான் காவல்.”

“நான் கேற்றடியில இருந்தன். ரூமுக்குள்ள போகவேயில்ல” என்றான் அர்ஷாத்.

ஜெனூபா சொன்னபடி பஸ்மிலா பெருவிரலை வைத்துக் கணக்கைத் திறந்தாள். டனிஸ்டன் ஆவலோடு குனிந்தான். “செவ்வாய், காலை பத்துப் பன்னிரண்டு. உள்ள போனது இதே போனாலதான் மெடம். பாஸ்கீ எண்டது ஆரும் களவாக் கேட்டு வெச்சிருக்கிற சொல் இல்ல. அது இந்தப் போனுக்குள்ள இருக்கு. திறக்க இவவின்ர விரல் வேணும். வேற விரல் பதியவே இல்ல. அப்ப ஷிப்லியால ஏலாது. இவவே மயக்கத்தில அமத்திட்டாவோ?”

“கீழ பாருங்க. காரணம் என்னெண்டு இருக்கு?”

“குடும்பக் காரணம்.”

ஜெனூபா மெல்லத் திரும்பினாள். “தம்பி, இது எஸ்.எம்.எஸ்ல இல்ல. தங்கச்சி இப்பதான் முதல்முதலாத் திறந்தா. அமத்தின ஆளுக்கு மட்டும்தான் இது தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்ச?”



“ஆரோ கையப் பிடிச்ச மாதிரி இருந்திச்சி” என்றாள் பஸ்மிலா, சுவரைப் பார்த்தபடி. “உம்மா வேர்வை துடைக்கிறா எண்டு நினைச்சன்.”

“பின்ன என்ன செய்யிற?” அர்ஷாத் கத்தினான். “அந்நிய ஆம்புளைகள்ர உடம்பத் தொட்டு வேல செய்யப் போறாளாம்! மானம் போகாதா?”

ஜெனூபா எத்தனையோ களவு வழக்குகளைப் பார்த்தவள்தான். ஆனால் காய்ச்சலில் கொதித்த தங்கையின் கையைத் தூக்கி, வேர்வையைத் துடைத்து, அவள் விரலாலேயே அவள் படிப்பை அறுத்துவிட்டு, வேறொருவனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லித் தன் முன்னால் வந்து அழுதவனை இப்போதுதான் பார்க்கிறாள். அலுவலகத்தில் அவன் உட்கார்ந்த கதிரையைக்கூடக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“பொத்திப் போடுங்க மெடம்” என்று ஜுனைதா அவள் கையைப் பிடித்தாள். “கூடப் பொறந்த காக்காதானே அவன். ஊர் என்ன கதைக்கும்?”

அது இன்னும் அருவருப்பாக இருந்தது. ஜெனூபா கையை விடுவித்துக்கொண்டு பஸ்மிலாவைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க மகள்.”

பஸ்மிலா தலையணையில் சாய்ந்து, பயிற்சிக் கல்லூரிக்குத் தானே அழைப்பெடுத்தாள். “ஓம், பஸ்மிலாதான் கதைக்கிறன். இடத்த விட்டது நான் இல்ல. நான் நித்திரையில. பேரா? எழுதிக்கொள்ளுங்க. அர்ஷாத். என்ட சொந்தக் காக்கா.”

ஜெனூபா அந்தக் கட்டிலோரத்திலேயே பஸ்மிலாவின் சத்தியக் கடதாசியை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினாள். பத்து நாளில் இடம் திரும்பக் கிடைத்தது. பஸ் ஏறும் காலையில் அர்ஷாத் பெட்டியைத் தூக்க வந்தான். பெட்டி கனமானது, பஸ்மிலாவுக்கு உடம்பில் இன்னும் தெம்பு இல்லை.

“கைய எடுங்க” என்றாள் அவள். இழுத்து இழுத்துத் தானே கொண்டுபோய் ஏற்றினாள்.