மூன்று முறை விழுந்த சுவிட்ச்

பிற்பகல் 2.10. பத்து வீரர்கள் ஓங்கிய வாளோடு அப்படியே உறைந்து நின்றார்கள். எல்லாம் செல்போனுக்குள்ளேதான். மூன்றாம் சந்துக்காரர்கள் ஐந்து பேர், ஐந்தாம் சந்துக்காரர்கள் ஐந்து பேர். பந்தலில் இருந்த பெரிய டிவியும் கறுத்துப்போனது.

“போச்சு” என்றாள் வர்தினா.

இந்தோனேசியாவின் செமாராங்கில் எங்கள் பேட்டையின் ஆகஸ்ட் சுதந்திர விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு வராத கூட்டம் இந்த விளையாட்டுக்கு வரும். நடத்துபவள் மூன்றாம் சந்தில் டெம்பே என்ற சோயா வில்லை பொரித்து விற்கும் வர்தினா. போன வருடம் நெட் நாலு முறை அறுந்து, கடைசியில் சீட்டுக் குலுக்கி முடித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ‘நெட்டறுந்த வர்தினா’ என்று பெயர். இந்த வருடம் மூன்று முறைக்கு மேல் அறுந்தால், போட்டி நடத்தும் உரிமை ஐந்தாம் சந்துக்கே போய்விடும். அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அதனால் ஏற்பாடெல்லாம் பலமாக இருந்தது. நெட் பெட்டி மூன்றாம் சந்துத் தலைவர் துகிமான் வீட்டு முன்னறையில். அறைக்குப் பூட்டு, சாவி வர்தினாவின் கழுத்தில். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், சோறு வேகும் பானை எல்லாவற்றையும் அவளே பிடுங்கிவிட்டிருந்தாள். ‘ஆட்டம் முடியும்வரை இந்த வீட்டில் ஒரு சார்ஜர்கூடச் செருகக் கூடாது’ என்று வாசலில் தாள். கீழே துகிமானின் கையெழுத்தும் முத்திரையும்.

தெருக் காவலர் சர்கோவி வந்து பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் சிமெண்ட் மூட்டை சுமப்பவர், ஏழாம் நாள்தான் காக்கிச் சட்டை. மின்சாரம் போனது அந்த ஒரு வீட்டுக்குத்தான். வெளிச்சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில், மெயின் சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது.

துகிமான் பனியனோடு ஓடிவந்தார். “எவன்டா கை வச்சது?”

சுவிட்சை மேலே தள்ளினார்கள். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

2.45. மறுபடி விழுந்தது. மீட்டருக்கு நேர் கீழே பாங்குன் நின்றிருந்தான். ஐந்தாம் சந்து அணியின் பொறுப்பாளர்.

“இங்க என்னப்பா பண்ற?” என்றார் சர்கோவி.

“நிழல்ல நிக்கிறேண்ணே.”

“கை எங்க இருந்துச்சு?”

“ஒரு கையில டெம்பே. இன்னொரு கையில பச்சமொளகா.”

“சுவிட்ச்ல எண்ணெய்க் கறை இல்ல” என்று சர்கோவி முனகினார்.

“அவனேதான். போட்டி கைமாறினா அவனுக்குத்தான லாபம்?” என்றார் துகிமான். இன்னும் பனியன்தான். நெற்றியில் வேர்வை ஊற்றியது.

சர்கோவி பாங்குனைப் பந்தலின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டு, சுவிட்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருவரையும் நெருங்க விடவில்லை.

3.20. அவர் கண் முன்னாலேயே, ஒரு கையும் படாமல், சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்தது.

“பேயாண்ணே?” வர்தினாவின் குரல் உடைந்தது. “இன்னும் ஒரு தடவ விழுந்தா என் கதை முடிஞ்சுது.”

“பேய்க்குச் சட்ட எதுக்கும்மா?” என்றார் சர்கோவி.

துகிமான் இப்போது பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டு வந்திருந்தார். கோப்பை கொடுக்கப் போகிறவர் அல்லவா. இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தார்.

“தலைவரே, அந்தக் கையக் கொஞ்சம் நீட்டுங்க.”

“எதுக்குய்யா?”

“நீட்டுங்களேன்.”

சட்டையின் வலது கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. இடது கை, மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியது போலிருந்தது.

“யாரும் தொடாம சுவிட்ச் விழுந்துச்சுன்னா, உள்ள யாரோ பாரம் ஏத்தியிருக்காங்க” என்றார் சர்கோவி. “சின்ன மீட்டரு, இஸ்திரிப் பெட்டியக் கொஞ்ச நேரந்தான் தாங்கும். முன்னறைதான் பூட்டு. பின்னால அடுப்படிக்குப் பூட்டு கெடையாது. மொத தடவ காலரும் முதுகும். ரெண்டாவது தடவ முன்பக்கம். மூணாவது தடவ வலது கை. இடது கைக்குக் கரண்டு இல்ல. நீங்க ரெண்டு தடவ பனியனோட ஓடி வந்தப்பவே நான் கேட்டிருக்கணும், சட்ட எங்கன்னு.”

துகிமான் வாசலில் இருந்த தன் முத்திரையைப் பார்த்தார்.

“போட்டோ எடுப்பாங்கல்ல. கசங்கின சட்டையோட எப்பிடி நிக்கிறது?”

“அதுக்கு மூணு தடவையா?” என்றாள் வர்தினா.

“ஒவ்வொரு தடவையும் கொஞ்சந்தாம்மா பாக்கி இருந்துச்சு.”

வர்தினா அடுப்படிக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு ஆறவில்லை. அவள் இறக்கவும் இல்லை.

3.35க்குக் கடைசி ஆட்டம் தொடங்கியது. 4.05க்கு, ஒரு நொடிகூட அறாமல், முடிந்தது. மூன்றாம் சந்து தோற்றது. வர்தினாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

புகைப்படத்தில் துகிமான் ஒருக்களித்து நிற்கிறார். கோப்பை ஐந்தாம் சந்துக்காரர்கள் கையில். வர்தினாவின் கையில் இஸ்திரிப் பெட்டி.

கிளம்பும்போது பாங்குன் அவளிடம் வந்தான். “அக்கா, அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்க.”

“ஏன், ஒங்க சந்துல நடத்த ஆளில்லையா?”

“ஆள் இருக்கு. ஆனா எங்க தலைவர் வீட்ல ரெண்டு இஸ்திரிப் பெட்டி இருக்குக்கா.”