சிவப்புச் சால்வைக்கு நின்ற கார்

பின்னேரத்து அஸர் தொழுத கையோடு புறப்பட்டும், றிஷானாவும் ஸப்வானும் போய்ச் சேரும்போது மற்றக் கார்கள் எல்லாம் வந்து வரிசை கட்டி நின்றன. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதிலிருந்து அவர்களின் வெள்ளை டட்சன் கார் இருமிக்கொண்டே வந்தது. ஸப்வான் அதன் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த மனைவியின் தோளை ஒருநாளும் அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை. அதை அவள் நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்விரிகுடாக் கரையில், பற்றைகளுக்கு நடுவே கிடக்கிறது அந்தச் சீமெந்து றவுண்ட். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை லொறிகளை ஓட்டிப் பார்க்கப் போட்டது என்கிறார்கள். முட்டை வடிவம். ஒரு வளைவு மண்மேட்டை ஒட்டிப் போகிறது. மற்ற வளைவு கண்டல் காட்டுக்குள் புகுந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் திரும்பி வருகிறது. அங்கே போகிற கார் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். நம் ஆட்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். வீட்டுப் பின்பக்கம் கிடந்து துருப்பிடித்த காரையெல்லாம் உருட்டிக்கொண்டு வந்து, அதில் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கென்றே வருடத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் சேர்கிறது.

அந்த ஓட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காருக்கு ஒரு ஆள் எண்ண வேண்டும். தொடங்குகிற கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தன்னுடைய கார் சுற்றுகிற சுற்றை மட்டும் எண்ணுவது. முடிந்ததும் தன் நிறத் துணியைத் தலைக்கு மேலே தூக்குவது. வளைவில் உயிரைப் பிடித்துக்கொண்டு திருப்புகிறவனுக்குக் கணக்கெல்லாம் பார்க்க ஏலாது. துணி எழும்பினால் நிற்பான், எழும்பாவிட்டால் ஓடிக்கொண்டே இருப்பான். அதனால் அந்தக் கதிரையில் வழிப்போக்கனை உட்கார வைக்கமாட்டார்கள். பெண்சாதியோ தங்கையோ, நம்பிக்கையான வீட்டு ஆள்தான் உட்காரும்.

றிஷானாவுக்கு இதுதான் முதல் தடவை. முந்தைய வருடங்களில் ஸப்வானின் கராஜில் வேலை செய்கிறவர்கள் எண்ணினார்கள். இந்த வருடம் அவளே வருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். ஏனென்றால் இது கடைசி ஓட்டம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த டட்சன்தான் அவளுக்குச் சக்களத்தி. பிள்ளைகுட்டியும் இல்லாத வீடு. சோற்றைக் குசினியில் மூடி வைத்துவிட்டு, கராஜிலிருந்து ஆள் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போன மாதம்தான் வாயைத் திறந்து அழுதாள். அவன் பயந்துபோனான். மூதூரில் ஒரு ஆளுக்குக் காரை விற்கப் பேசி முடித்தான்.

கோட்டுக்குப் போகுமுன் கார்க் கண்ணாடியை இறக்கி, "நாளைக்கு அந்தாள் வந்து காரை எடுத்திருவான். இனி பொழுதுபட, மஃரிபுக்கு முதல் நான் வீட்டதான். எண்ணிப் பிடி, சரியா?" என்றான்.

அவள் சிரித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவள் முகத்தில் அப்படி ஒரு களை.

பக்கத்துக் கதிரையில் சாம்பல்தீவுப் பெண் தர்சிகா இருந்தாள். தன் தமையனின் காருக்கு எண்ண வந்தவள், மஞ்சள் துணி. றிஷானாவுடையது சிவப்புச் சால்வை. கறுப்பு அபாயாவும் முக்காடும் போட்டு, அதற்கு மேல் சால்வையைத் தோளில் போட்டிருந்தாள். விரலில் மோதிரம்போல மாட்டி, ஓதுகிறதை எண்ணுகிற தஸ்பீஹ் மெஷின். அதை அமத்தி அமத்தித்தான் எண்ணப்போகிறாள் என்று கேட்டதும் தர்சிகாவுக்கு ஒரே சிரிப்பு.

கொடி பிடிக்கிற, றவுண்டின் கேற்றுக்கும் காவலான கிழவர் குணரத்தினம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் எல்லாக் காரும் வெளியே வந்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கத்தினார். மனுசன் அதில் மட்டும் கண்டிப்பு. ஏன் என்று தர்சிகாதான் சொன்னாள். இந்த றவுண்டில் ஆதியில் ஓடிய முதல் ஓட்டத்தில் டொக்யார்ட் மெக்கானிக் ஒருவன் தன் சின்ன மொறிஸ் காரோடு வந்தானாம். அவனுக்கு எண்ண வருகிறேன் என்றவள் வரவேயில்லை. கதிரை வெறுமையாகக் கிடந்தது. மற்றவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் துணியைத் தேடித் தேடிச் சுற்றினானாம். இருட்டுப்பட்ட பிறகு கண்டல் வளைவில் காரோடு தண்ணீருக்குள் போய்விட்டானாம். இப்போதும் கருக்கலில் ஒரு கார் கூடுதலாக ஓடும் என்று ஊரில் கதை. சொல்லிவிட்டு தர்சிகா கச்சான் கடலை உடைத்துத் தின்றாள்.

ஓட்டம் தொடங்கியது. தூசியும் ரயர் எரிகிற மணமும் எழும்பின. ஒவ்வொரு தடவையும் டட்சன் கோட்டைத் தாண்டும்போது ஸப்வான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வீட்டில் அவன் அவளை இத்தனை தரம் பார்த்ததில்லை. 

பாதியில் ஒரு கார் எஞ்சின் வெடித்து, எண்ணெயைக் கொட்டிக்கொண்டு நடுவிலே நின்றது. அதை இழுத்து, மண் போட்டு, கழுவி, மறுபடி தொடங்குவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. குணரத்தினம் தலையில் கை வைத்தார். நிறுத்துவோம் என்றார். ஓட்டக்காரர்கள் கேட்கவில்லை. கிட்டத்தட்ட முடிந்துவிட்டதே என்றார்கள்.

ஒவ்வொரு துணியாக எழும்பியது. ஒவ்வொரு காராக ஒதுங்கியது. தர்சிகாவும் மஞ்சள் துணியைத் தூக்கிவிட்டுத் தமையனிடம் ஓடினாள். எல்லோரும் அந்தப் பக்கம் கார்களைச் சுற்றி நின்றார்கள். கதிரை வரிசையில் றிஷானா மட்டும்தான். பின்னால் விழுந்து பின்னால் விழுந்து, ஸப்வானுக்கு மட்டும் இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருந்தது.

தண்ணீர்ப் பக்கமிருந்து அழுகிய கண்டல் இலையின் வாடை வந்தது. காற்று நின்றுவிட்டது. டட்சன் அவளைத் தாண்டிப் போய்க் கண்டலுக்குள் புகுந்தது. அவள் மெஷினை அமத்தினாள். இன்னும் ஒன்றுதான்.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த எஞ்சினின் இருமல் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

கண்டலுக்குள் இரண்டு எஞ்சின் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். மற்றக் கார்கள் எல்லாம் அந்தப் பக்கம் நின்றன. ஒன்றும் குறையவில்லை.

கண்டலிலிருந்து இரண்டு லைட் வெளியே வந்தது. மங்கலான மஞ்சள் லைட். அதே நேரம் தண்ணீருக்கு அப்பால் கிண்ணியாப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னது.

பாங்கு கேட்டால் பெண் பிள்ளையின் கை என்ன செய்யும்? சின்ன வயதிலிருந்து பழகின கை. வீட்டில் குசினியில் நிற்கும்போது தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துத் தலையில் போடுகிற கை. தலையில் ஏற்கெனவே முக்காடு இருக்கிறது என்று அந்தக் கை யோசிக்கவில்லை. சிவப்புச் சால்வை தோளிலிருந்து எழும்பி, தலைக்கு மேலே விரிந்து, தலையில் விழுந்தது.

அந்தக் கார் வேகம் குறைந்தது.

டட்சன் இல்லை.

சின்னக் கார். முதுகு உருண்ட பழைய கார், சாம்பல் நிறம். அது அவளுக்கு நேரே வந்து நின்றது. கதவின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே யாரையும் காணவில்லை, இருட்டு மட்டும்தான் இருந்தது. அந்த இருட்டிலிருந்து, நெடுநாள் பேசாத ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"முடிஞ்சுதா?"

ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இருந்த களைப்பு, வாசலைப் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கிறவர்களின் களைப்பு. அது றிஷானாவுக்குத் தெரிந்த களைப்பு. பயத்தில் பாதி, இரக்கத்தில் பாதி, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓம்."

அப்போதுதான் பின்னால் டட்சன் வந்தது. ஸப்வான் தலையைத் திருப்பி அவள் கையைப் பார்த்தான். கை கீழே இருந்தது. சால்வை தலையில் இருந்தது. அவன் தாண்டினான். அவள் சால்வையை உருவி உயர்த்துவதற்குள் டட்சன் கண்டலுக்குள் புகுந்துவிட்டது.

அவள் சால்வையைத் தூக்கியபடியே நின்றாள்.

சத்தம் வளைவைச் சுற்றி வந்தது. கிட்ட வந்தது. அவளுக்கு முன்னாலேயே போனது. காற்று முகத்தில் அடித்தது, அபாயா படபடத்தது.

கார் இல்லை.

குணரத்தினம் ஓடி வந்தபோது அவள் வெறும் சீமெந்தைப் பார்த்துச் சால்வையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் காரும் இல்லை. அது நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது. இரண்டு எஞ்சின் கேட்டதாக வேறு யாரும் சொல்லவில்லை. ஸப்வான் கண்டலுக்குள் போனதைத்தான் எல்லோரும் கண்டார்கள். பொலிஸ் வந்தது. சுழியோடிகள் வந்து தண்ணீரைத் துழாவினார்கள். ரயர் பிசகின அடையாளம்கூட இல்லை, ஒரு கண்டல் கிளைகூட முறியவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கைம்பெண்ணுக்கான இத்தா இருக்க வேண்டுமா வேண்டாமா என்று பெண்கள் வந்து வந்து கேட்டார்கள். மையித்து என்று ஒரு உடல் இல்லாமல் எப்படி இருப்பது என்றார் ஒருவர். பொறுத்துப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். வெள்ளை உடுக்கவும் ஏலாது, நிறம் உடுக்கவும் ஏலாது. கொஞ்ச நாளில் வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். வீட்டில் அவள் தனியே இருந்தாள்.

தனியே என்றுதான் நினைத்தாள்.

ஒரு மத்தியானம் குசினியிலிருந்து வந்தபோது, ஸப்வான் சாப்பிடுகிற கதிரை நனைந்திருந்தது. மழை இல்லை, கூரை ஒழுக்கும் இல்லை. துடைத்தாள். மறுநாளும் நனைந்திருந்தது. அழுகிய இலை வாடையும் பழைய பெற்றோல் வாடையும் அறைக்கு அறை நகர்ந்தன. துணி காயப்போட முற்றத்துக்குப் போனால் அங்கேயும் வந்தன. விடியப் பார்த்தால் கட்டிலில் மற்றப் பக்கம் பள்ளமாகவும் சில்லென்றும் இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. கூப்பிடாத பெண்ணுக்காக அத்தனை காலம் சுற்றினவன், கூப்பிட்டவளை விடுவானா?

"நான் உங்களக் கூப்பிடல்ல. என்ட மனுசனத்தான் கூப்பிட்டனான்," என்று வெறுங்கதிரையைப் பார்த்துச் சொன்னாள். கதிரையின் காலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவள் சுவரோடு சாய்ந்து அழுதாள். உம்மா வீட்டுக்குப் போய் ஒரு கிழமை இருந்தாள். வாடை அங்கேயும் வந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் அவள் மனதில் சரியாக நின்றது. ஸப்வானின் சுற்றெல்லாம் முடிந்துவிட்டது, துணி எழும்புவதுதான் பாக்கி. துணி எழும்பினால் அவன் நிற்பான். நிறுத்த வேண்டியவள் அவள்தான். அதனால் பின்னேரங்களில் பஸ் ஏறி றவுண்டுக்குப் போகத் தொடங்கினாள். குணரத்தினம் கேற்றைத் திறந்துவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளே வரமாட்டார், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சத்தம் வந்தது, அந்த இருமல் சத்தம். பிறகு கண்டலுக்குள் வெளிச்சம் தெரிந்தது. அவள் ஒவ்வொரு நாளும் சால்வையைத் தூக்கினாள். ஒவ்வொரு நாளும் காற்று மட்டும் தாண்டிப் போனது.

ஒருநாள் கார் வந்தது.

வெள்ளை டட்சன். உடம்பெல்லாம் தூசி. அவள் இரண்டு கையாலும் சால்வையைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். இறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஸப்வானின் முகம் தெரிந்தது. வாடி, கறுத்து, தாடி வளர்ந்த முகம். அவன் அவளைக் கண்டுகொண்டான். அந்த முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். பிறேக் கீச்சிட்டது. கார் மெதுவாகி மெதுவாகி, ஓடிப்போய்க் கதவைப் பிடிக்கலாம் என்கிற தூரத்துக்கு வந்தது.

அப்போது அவன் பார்வை கொஞ்சம் நகர்ந்தது.

அவளுடைய தோளுக்குப் பக்கம். அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே.

முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. தன் வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே வேறொரு ஆண்பிள்ளை இருக்கக் கண்டவனின் முகம் ஆனது. அவன் அவளை மறுபடி ஒருதரம் பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை.

"மச்சான்... நான் தனியத்தான் நிக்கிறன்," என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் கியரை மாற்றினான். டட்சன் இருமிக்கொண்டு கண்டலுக்குள் போனது. அதற்குப் பிறகு சத்தமும் வரவில்லை.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தாள். குணரத்தினம் கேற்றை அகலத் திறந்து பிடித்தார். அவள் வெளியே வந்தாள்.

கிழவர் கேற்றை மூடவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் வருவதுபோல, கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டு, பிறகுதான் மூடினார்.