ஓரடிக்கு ஓரங்குலம்

பத்மஜா ஸ்ரீவராகத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவள் கையில் இரண்டு பைகள் இருந்தன. சின்னப் பையில் துணிமணி. பெரிய பையில் குப்பை. குப்பை என்று பெயர் வைத்தவள் அவளுடைய மன்னி ஸ்ரீப்ரியா. காலித் தீப்பெட்டிகள், ஐஸ் குச்சிகள், பற்பசை மூடிகள், ஊதுவத்திக் குச்சிகள், கூரியரில் வந்த அட்டைப்பெட்டிகள், அறுந்த மணிமாலைகள். ஊரார் தூக்கிப் போடுவதையெல்லாம் பொறுக்கி வைத்துப் பொம்மை வீட்டுச் சாமான் செய்வதுதான் பத்மஜாவின் தொழில். கரமனைத் தெருக்களில் பாதிப் பேர் வீட்டுக் கொலுவில் அவள் செய்த ஊஞ்சலோ அலமாரியோ இருக்கும். செய்தவள் பெயர் மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

புருஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிறகு அண்ணா வெங்கிடேஷ் வீட்டில் ஒதுங்கியவள் அவள். அங்கே அவளுக்குக் கிடைத்தது சாப்பாட்டு அறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மூலை. இப்போது அண்ணா கரமனை வீட்டைக் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்குப் போகிறான். "ரெண்டே பெட்ரூம்தான் பத்மஜா. நீ என்ன செய்யப் போறே?" என்று ஸ்ரீப்ரியா கேட்டாள். அக்கறை போலத்தான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு பத்மஜாவுக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவராகத்து அனந்தலக்ஷ்மி மாமியின் அழைப்பு வந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாகத்தான் பத்மஜா நினைத்தாள்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தாள். பின்னால் நீலகண்டன் மாமா, காது கேட்காமல், டிவிக்கு எதிரே. பெரிய பழைய வீடு. பிள்ளை வெளிநாட்டில். மாமிக்கு முட்டிவலி.

"வாடி, நனைஞ்சயா? பல வருஷத்துக்கு அப்பறம் எங்காத்துல கொலு வைக்கறோம். நடுவுல இந்த ஆத்தையே பொம்மையா வைக்கணும். தத்ரூபமா வேணும், கேட்டயா. இங்கேயே இருந்து செய். கொலு முடிஞ்சாலும் நீ எங்கேயும் போக வேண்டாம். எனக்கும் கூடமாட ஒருத்தி வேணும், பின்னே?"

எங்கேயும் போக வேண்டாம். அந்த மூன்று வார்த்தைக்காக பத்மஜா அந்த வீட்டைத் தங்கத்தில்கூடச் செய்து கொடுத்திருப்பாள்.

அவளுக்கு விட்ட அறை கொல்லைப்புறத்தில் இருந்தது. ஒரே ஜன்னல், அதுவும் எட்டாத உயரத்தில். ஈரச் சுண்ணாம்பு வாசனை, அதோடு ஊசிப்போன சோற்றின் லேசான வாடை. இருந்தாலும் நாலு சுவர், ஒரு கதவு. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினாள். உள்பக்கம் இல்லை. திறந்து பார்த்தாள். வெளிப்பக்கத்தில் இருந்தது, கனமான இரும்பில்.

"பழைய ஆத்துல அப்படித்தாண்டி. பூனை நுழையாம இருக்கறதுக்கு" என்றாள் மாமி.

பூனை கதவைத் திறக்குமா என்று பத்மஜா கேட்கவில்லை. தங்க இடம் கேட்டு வந்தவள் தாழ்ப்பாளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. ஓரடிக்கு ஓரங்குலம், அதுதான் அவள் கணக்கு. கூடம், சமையலறை, கிணற்றடி என்று நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டாள். அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும். அதற்குச் செங்காவி அடித்தால் ஓட்டுக்கூரை. ஊதுவத்திக் குச்சிகள் ஜன்னல் கம்பியாயின. ஐஸ் குச்சி ஊஞ்சல் பலகையாயிற்று, மணிமாலைச் சங்கிலி அதைத் தாங்கியது. பற்பசை மூடிகள் அண்டாவும் தவலையுமாகச் சமையலறையில் உட்கார்ந்தன. எல்லாவற்றையும் மைதாப்பசையால் ஒட்டினாள். மாமி வந்து வந்து பார்த்து மோவாயில் கைவைத்துக்கொண்டாள்.

தன் அறையையும் அளந்து செய்தாள். அதற்குள் வைக்க மட்டும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்தக் குட்டி அறையில் ஒரு கட்டில் இருந்தது.

ஈர்க்குக் குச்சிகளால் செய்த கட்டில். கயிறு போல எதையோ பின்னிக் கட்டியிருந்தது. அவ்வளவு நெருக்கமான பின்னல் பத்மஜாவுக்கே வராது. பக்கத்தில் இரண்டு தம்ளர்கள், ஒரு தட்டு, ஒரு கூஜா. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை நகத்தால் நீவி நீவிச் செய்தவை. அளவு அச்சாக ஓரடிக்கு ஓரங்குலம்.

தாசம்மாள் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். தாசம்மாள் மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரி. வெகு காலமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கைக்கு வந்த எதையும் வீணாக்காதவள் பத்மஜா. யார் செய்தால் என்ன, அழகாக இருந்தது. கட்டிலுக்கும் பாத்திரங்களுக்கும் அடியில் பசை தடவி, இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மத்தியானங்களில், மழை இறங்குவதற்கு முன்னால், வீடு மொத்தமும் கண்ணயரும் நேரத்தில். சரக்... சரக்... நகத்தால் தகடு நீவும் சத்தம். அறையின் மூலையிலிருந்து வரும். திரும்பினால் நின்றுவிடும்.

ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் குட்டி அறையில் ஒரு சாமான் கூடியிருந்தது.

வாழைநாரில் ஒரு விசிறி. புளியங்கொட்டையில் ஒரு முக்காலி.

பத்மஜா ஒருநாள் கட்டிலின் கயிற்றை விளக்கைக் காட்டிக் குனிந்து பார்த்தாள்.

நரைத்த தலைமயிர்.

அன்று பாத்திரம் தேய்க்க வந்த தாசம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினாள். தாசம்மாள் பார்த்ததும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது ஆரு செய்தது?"

"நீங்களாக்கும்னு நினைச்சேன்."

"எனக்க கையில இது வருமா? இது கோமதியக்கா வேலையில்லா!" தாசம்மாள் கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமாவுக்க தங்கச்சி. மாப்பிள்ளை விட்டுட்டுப் போய்த் திரும்பி வந்தவிய. கொலுவுக்கு ஆளுவ வருவாவ இல்லா, அவிய முன்ன நிக்கப்பிடாதுன்னு இதுக்குள்ள அடைச்சுப் போடுவாவ. பெறவு தெனமும் அடைச்சாவ. கேட்டா புத்திக்கு சொகமில்லன்னு சொல்லுவாவ. பாவம், மாத்திரை தாளு, நாரு, கிட்டினதை வச்சு இப்பிடிச் சின்னச் சின்னதா செய்துட்டுக் கெடக்கும்."

"எப்போ செத்துப்போனா?"

"அது ஆருக்குத் தெரியும்? ஒரு கொலுவுக்கு, நடுவுல ஒரு நாளு, உள்ளேருந்து தட்டுத சத்தம் நின்னுச்சு. தீட்டுன்னா கொலுவைக் கலைக்கணும் இல்லா? ஊரே வந்து பாட்டுப் பாடிச் சுண்டலு வாங்கிட்டுப் போவுது. கடைசி நாளு பொம்மையைப் படுக்க வச்ச பெறவுதான் கதவைத் தொறந்தாவ."

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது பத்மஜா வீட்டிலும் வழக்கம்தான். அந்தப் பொம்மைக்குப் பால் காட்டித் தாலாட்டுப் பாடுவார்கள். அதுவரைக்கும் ஒரு மனுஷி இந்தக் கதவுக்குப் பின்னால் அழுகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் இந்தக் கொலு முடியுமட்டும் வேலைக்கு வரமாட்டேன். நீங்களும் போயிருங்க, கேட்டியளா" என்றாள் தாசம்மாள்.

எங்கே போவது? அன்று சாயங்காலம் பத்மஜா அண்ணாவுக்குப் போன் செய்தாள். எடுத்தவள் ஸ்ரீப்ரியா. "ஐயோ, ஃப்ளாட்டுல ஃப்ரிட்ஜ் மூலையில வாஷிங் மெஷினை வெச்சாச்சே! மாமி ஆத்துல சுகமாத்தானே இருக்கே?" என்றாள். சுகம்தான் மன்னி, என்று சொல்லி பத்மஜா போனை வைத்தாள்.

கொலுவுக்கு முதல் நாள் மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பொம்மை வீட்டை ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். ஊஞ்சலை விரலால் ஆட்டிச் சிரித்தாள். பிறகு கொல்லைப்புறத்து அறையைக் குனிந்து பார்த்தாள்.

சிரிப்பு போய்விட்டது.

"இதெல்லாம் யார் வெச்சா?"

பதிலுக்கு மாமி காத்திருக்கவில்லை. முட்டியைப் பிடித்தபடி எழுந்து, "வர்றவா நூறு கேள்வி கேப்பா. இந்த ரூமை மூடிடு. இங்கே ஒரு ரூம் இருக்கறதே தெரியப்படாது" என்றாள்.

"தத்ரூபமா வேணும்னேளே மாமி..."

"உனக்கு இங்கே இருக்கணுமா, வேண்டாமா?"

இதைத்தான் பேசாமலே எல்லோரும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

பத்மஜா அட்டையை வெட்டினாள். குட்டி அறையின் கதவிருந்த இடத்துக்குச் சரியாக. பசையைத் தடவி வைத்து அழுத்தினாள்.

அட்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

மறுபடி அழுத்தினாள். கட்டைவிரலுக்கு அடியில், மறுபக்கத்திலிருந்து, ஏதோ முட்டியது. மெதுவாகத்தான். தட்டுவது போல. பத்மஜாவுக்குக் கண்ணில் நீர் கோத்தது. உள்ளே இருப்பவள் யார், என்ன கேட்கிறாள் என்று பத்மஜாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. தெரிந்தும் அவள் விரலை எடுக்கவில்லை. "எனக்கு வேற இடம் இல்லை, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி, பசை காயும் மட்டும் முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தட்டல் நின்றது.

மறுநாள் கலசம் வைத்துக் கொலு ஏறியது. படிகளுக்கு முன்னால், நட்டநடுவில், பொம்மை வீடு. விளக்கு வெளிச்சத்தில் நிஜ வீட்டைவிட அழகாக இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் மாமி பத்மஜாவைத் தனியே அழைத்தாள்.

"வர்றவா எல்லாம் சுமங்கலிகள். தப்பா எடுத்துக்காதே. நீ செத்த பின்னாடி இருந்துக்கோ. முன்னாடி வந்து நிக்க வேண்டாம், கேட்டயா?"

பத்மஜா புதுப்புடவையோடு தன் அறைக்குப் போனாள். அவமானத்தில் காது சுட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அழுது முடித்துக் கையை எடுத்தபோது ஒரே இருட்டு. ஜன்னல் தெரியவில்லை.

கதவைத் தடவித் தேடினாள்.

கதவு இல்லை.

கதவு இருந்த இடத்தில் ஒரு சுவர். தொட்டால் சுண்ணாம்பு இல்லை, சொரசொரப்பான காகிதம். விளிம்புகளில் ஏதோ பிதுங்கிக் காய்ந்து கெட்டித்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். மைதாப்பசை. அந்தப் பசையில் வளைவு வளைவாக வரப்புகள் ஓடின, ஒவ்வொன்றும் அவள் சுண்டுவிரல் அகலத்துக்கு. எங்கிருந்து எங்கே போகின்றன என்று தடவிக்கொண்டே போனவள் நடுவில் நின்றுவிட்டாள்.

அது ஒரு கட்டைவிரலின் ரேகை.

பத்மஜா கத்தினாள். இரண்டு கையாலும் சுவரைத் தட்டினாள். வெளியே இடிபோலச் சிரிப்புகள் உருண்டன. வளையல்கள் வெண்கலமணி போல அதிர்ந்தன. அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை அவளால் அடையாளம் காண முடிந்தது. ஸ்ரீப்ரியா. வெற்றிலைபாக்கு வாங்க வந்திருக்கிறாள்.

"மாமி, இந்தப் பொம்மை ஆத்துக்குள்ளே ஏதோ தட்டறதே?"

"பல்லியாக்கும்."

"எடுத்துப் பாக்கட்டுமா?"

"கலசம் வெச்சாச்சேடி. விஜயதசமி வரைக்கும் எதையும் அசைக்கப்படாது."

"ஷரி ஷரி. பத்மஜா எங்கே மாமி, காணோமே?"

பத்மஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் காதை வைத்தாள்.

"தெரியலையே. பின்னாடி போய்ப் பாத்தேன், ரூம்ல ஆளையே காணோம். உங்காத்துக்குத்தான் வந்துட்டாளோன்னு நினைச்சேன்."

"எங்காத்துக்கு வரலையே" என்றாள் ஸ்ரீப்ரியா. அந்தக் குரலில் கவலையைத் தேடினாள் பத்மஜா. அதில் இருந்தது நிம்மதி. "அவளுக்குன்னு யாராவது கிடைச்சிருப்பா, போயிருப்பா. சாரமில்லை, விடுங்கோ மாமி. நல்லதாப் போச்சு."

பாட்டு ஆரம்பித்தது. பத்மஜா தட்டிக்கொண்டே இருந்தாள், கையில் தோல் உரியும் வரைக்கும். பிறகு அட்டையில் சாய்ந்தபடி வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள்.

இருட்டுக்குள் ஊசிப்போன சோற்று வாடை நெருங்கி வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நகம் வளர்ந்த ஒரு கை அவள் தலைமுடியைக் கோதிப் பிரித்தது, பின்னுவதற்கு எடுத்துக்கொள்வது போல.

"அழாதேடி" என்றது ஒரு குரல், காதோடு, மிகவும் வாஞ்சையாக. "இங்கேர்ந்து உன்னை யாரும் போகச் சொல்ல மாட்டா."