எட்டு முறை

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு 'முணுமுணு' என்று பட்டப்பெயர். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். காலையில் டீச்சர் வருகை எடுக்கும்போது, "வந்திருக்கேன் டீச்சர்" என்று அவள் சொல்வது மேசை வரை போய்ச் சேராது. வாரத்தில் இரண்டு நாளாவது அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழுந்துவிடும்.

அப்படிப்பட்டவள் பெயர்தான் அன்று சீட்டுக் குலுக்கலில் வந்து தொலைத்தது!

மொழிப்பாடமும் எடுக்கும் அந்த டீச்சர் வாரம் ஒரு நாள் ராக் பாட்டைக் கவிதையாக நடத்துவார். கிடாரும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. பாட்டின் வரிகளை அச்சடித்துக் கொடுப்பார். சீட்டில் பெயர் வந்தவர் எழுந்து வாசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் அதைப் பற்றிப் பேசித் தள்ளுவார்கள். வகுப்புக்கே பிடித்த நேரம் அது.

தலைமையாசிரியைக்குத்தான் பிடிக்கவில்லை. "கத்துறதெல்லாம் கவிதையா? நானே வந்து பாக்கறேன். சரிப்படலைன்னா இன்னியோட நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். இதோ, கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்.

முணுமுணு எழுந்தாள். தாளைப் பார்த்து வாசித்தாள்.

"கதவைச் சாத்திட்டீங்க, விளக்கை அணைச்சிட்டீங்க,
தலையை எண்ணினீங்க, என்னை விட்டுட்டீங்க.
நான் இங்கேதான் இருக்கேன்..."

அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், அந்த வரியை எத்தனை தடவை பாடுவது என்ற குறிப்பு இருந்தது. பயத்தில் அதையும் வாசித்துவிட்டாள்.

"எட்டு முறை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஏன், ஏழு முறை இருந்தா பத்தாதா?" என்றான் ஒருவன்.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"பரவாயில்லம்மா, உக்காரு" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் அடுத்த வாரம் பாட்டு இருக்காது. எல்லாம் தன்னால்தான் என்று ஆகிவிடும்.

"டீச்சர்... இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

இந்த முறை அந்த வரியை உண்மையாகவே எட்டு தடவை சொன்னாள். முதல் தடவை, காலையில் வருகைக்குச் சொல்வதுபோல முணுமுணுத்தாள். இரண்டாவது, நிமிர்ந்தே பார்க்காத ஒருவரிடம் சொல்வதுபோல. மூன்றாவதில் கெஞ்சினாள். நான்காவதில் குரல் உடைந்தது. ஐந்திலும் ஆறிலும் கோபம் ஏறியது. ஏழாவதில் அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்!

எட்டாவது தடவை மெதுவாகச் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். "ஏழாவதுல அந்தக் கத்து கத்தினியே, கடைசியில ஏன் மெதுவா சொன்னே?"

"அதுக்குள்ள கதவைச் சாத்தினவங்களுக்குக் கேட்டிருக்கும், மேடம். அப்புறம் எதுக்குக் கத்தணும்?"

தலைமையாசிரியை எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

"டீச்சர், அடுத்த வாரப் பாட்டுல எனக்கும் ஒரு தாள் எடுத்து வைங்க" என்றார்.

மறுநாள் காலை வருகை எடுக்கும்போது முணுமுணு வழக்கம்போல முணுமுணுத்தாள்.

டீச்சர் நிமிர்வதற்குள் மொத்த வகுப்பும் கத்தியது: "கேட்டுச்சு, கேட்டுச்சு!"