குரல் குடிக்கும் சுவர்கள்

கண்விழித்ததும் செண்பகம் கூரையைத்தான் பார்த்தாள். விளக்குப் பட்டை மஞ்சளாகச் சிலிர்த்து அடங்கியது. அடுத்த அறையில் அல்லி சிணுங்குகிறாள். எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் அப்போது எல்லா வீட்டுச் சுவர்களிலும் ஒலிமாற்றிப் பலகைகள் இருந்தன. பேச்சு, இருமல், பாத்திரம் உருளும் சத்தம், தெரு ஹாரன் என எல்லாவற்றையும் குடித்து மின்சாரமாக்கின. அதில்தான் விளக்குகள் எரிந்தன. ஆனால் இரண்டு எட்டுக்கு அப்பால் எந்தக் குரலும் போய்ச் சேராது. யாராவது கூப்பிட்டால் ஊரே கூரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது.

பிறவியிலேயே காது கேளாத செண்பகத்துக்கு இந்த ஊர் தாய்வீடு போல. வெளிச்சம் தாழ்ந்து படர்ந்தால் கணவன் திருமாறன். படபடவென்று வெட்டினால் எதிர்வீட்டு பிலோமினா அக்கா. மீன் செதில்போலச் சிதறி ஓடினால் அல்லி சிரிக்கிறாள்.

அந்த வாரம் உப்பு மின்கலங்கள் வந்தன. இனி சத்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியதில்லை. விரும்பியவர்கள் பலகைகளைக் கழற்றிக்கொள்ளலாம். பிலோமினா அக்கா முதலில் கழற்றினாள். அவள் வீட்டுக்குப் போய்வந்த திருமாறனின் கண்கள் கலங்கியிருந்தன. அவன் கைகள் பேசின.

"அடுப்படியில இருந்து கூப்பிட்டா வாசல்ல கேக்குது, செண்பா! நம்ம வீட்டுலயும் கழட்டச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"பாப்பா பேசப்போறா. எங்க இருந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேக்கணும்."

"அவ அழுதா எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குன்னு ஒரு விளக்கு விக்குது. அழுதா எரியும்."

"சிரிச்சா?"

திருமாறன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

மறுநாள் கருவிப் பெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். திருமாறன் வாசலில் நின்று ஏதோ சொன்னான். வெளிச்சம் தாழ்ந்து படர்ந்தது. வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"வீடு மாறி வந்துட்டீங்கன்னு சொன்னேன்."

செண்பகம் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற அல்லி, அவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். கூரை இரண்டு முறை துடித்தது. சிணுங்கலுமில்லை, சிரிப்புமில்லை. இதுவரை அந்த வீடு காணாத வெளிச்சம்.

திருமாறன் எழுந்து ஓடினான். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அவன் மண்டியிட்டுக் கெஞ்சினான். அல்லி அவன் மூக்கைப் பிடித்து விளையாடினாளே தவிர, வாய் திறக்கவில்லை.

அவன் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தான். யார் என்ன சொன்னார்கள் என்று இத்தனை வருடமும் அவள்தான் அவனைக் கேட்டிருக்கிறாள்.

"நீ உதட்டப் பாத்தியே. என்ன சொன்னா? அம்மாவா, அப்பாவா?"

உதட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செண்பகத்துக்குத் தெரியவில்லை. ஆனாலும் எச்சில் கையைச் சட்டென்று புடவையில் துடைத்துவிட்டு உயர்த்தினாள்.

"அப்பான்னு சொன்னா."