ஜாக்சனின் சிவப்புப் பூட்டு

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு ஜெர்சி இறங்கியபோது நல்ல வெயில். புருஷன் ஜாக்சன் இங்கே மெஷினுக்குள் செத்துப்போனதால், கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்த வேலை. முதல் நாள், பாதுகாப்புப் பயிற்சி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி அவன் போன பிறகு பயிற்சி அமர்க்களப்பட்டது.

"மெஷினுக்குள்ள போறவங்க மெயின் சுவிட்சை அணைச்சு, அதுல தங்களோட பூட்டைப் போடணும். போட்டவங்க வெளிய வந்து, அவங்களேதான் எடுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது," என்றார் பயிற்சி கொடுத்த கலைமணி மேடம்.

ஜெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஜாக்சனின் பூட்டு அவள் பையில்தான் இருந்தது. சிவப்புப் பூட்டு. அதில் தொங்கிய அட்டையில் அவன் படம், கீழே 'உள்ளே ஆள் இருக்கிறார்'. தண்டலத்தில் வீட்டுப் பூட்டு துருப்பிடித்து உடைந்தபோது அவள்தான் கத்தினாள்: "வூட்டுக்கு ஒரு பூட்டு வாங்கினு வர துப்பில்ல, நீ இன்னாய்யா ஆம்பள?" மறுநாளே கம்பெனி தனக்குக் கொடுத்த இந்தப் பூட்டைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டே கதவில் மாட்டினான். அது வீட்டில் தொங்கிய ஒரு நாளில்தான், அவன் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டார்கள். தன் பாவி வாயை எத்தனை அடித்துக்கொண்டும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

சாப்பாட்டு வேளையில் லைன் ஓய்ந்ததும் மேடம் எல்லாரையும் உள்ளே அழைத்துப்போனார். அதே மெஷின்.

"யாராவது வந்து பூட்டிக் காட்டுங்க."

ஜெர்சி முன்னே போனாள். சிவப்புப் பூட்டை எடுத்து, அணைத்திருந்த சுவிட்சில் மாட்டி அழுத்தினாள்.

மெஷினுக்குள் யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. விரல் முட்டியால்.

மேடம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். யாருமில்லை. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே ஜாக்சன் தேய்த்துக் குளிக்கும் சந்தன சோப்பு மணந்தது.

"பூட்டிட்டேன்யா," என்று கிசுகிசுத்தாள் ஜெர்சி. "இப்ப யாரும் சுவிட்சு போட மாட்டாங்க. வெளிய வந்துடு."

"சரி, எடுத்துடும்மா," என்று திரும்பிய மேடத்துக்கு முகம் வெளுத்தது.

சுவிட்சில் பூட்டு இல்லை.

சாவி ஜெர்சியின் உள்ளங்கையில் இருந்தது. அதன் ஜோடிச் சாவி, அவன் கழுத்துச் சிலுவையோடு கல்லறைக்குப் போய்விட்டிருந்தது.

சாயங்காலம் அவள் வீடு திரும்பினாள். காலையில் பூட்டிவிட்டுப் போன புதுப் பூட்டு வாசற்படியில் திறந்து கிடந்தது. கதவு இடுக்கில் பார்த்தால் உள்ளேயும் தாழிட்டிருந்தது. வெளியே கொண்டியில் சிவப்புப் பூட்டு தொங்கியது. அட்டையில் ஜாக்சன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஆள் இருக்கிறார்.

அவள் சாவியை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். போட்டவர்தான் எடுக்க வேண்டும்.

"சரிய்யா, நீயே தொற. நான் இங்கயே குந்திகினு கீறேன்," என்று அழுதபடி படியில் உட்கார்ந்தாள்.

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.