மஞ்சள் ஏறாத கரைசல்

"கதவத் தட்டிட்டு வரத் தெரியாதா?"

ஆராய்ச்சி மாணவி போட்ட சத்தத்தில், கண்ணாடித் தகட்டுப் பெட்டியோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்... இமை நுனியில்கூட ஒரு துளி. அவன் திறந்த கதவு வழியே ஈரக்காற்று ஆய்வகத்துக்குள் புகுந்தது. அவள் கையிலிருந்த குடுவையில் டைட்டானியம் கரைசல், பால் திரிந்ததுபோல் கட்டி தட்டிப் போனது.

"ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கே மேடம்... தலையாலயா தட்டுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள். "இனிமே இந்த ஆள அனுப்பாதீங்க. ஈரக்காத்த உள்ள விட்டு என் கரைசலயே கெடுத்துட்டாரு."

அவன் பெட்டியைப் பதமாக இறக்கி வைத்தான். ஒரு பார்வை பார்த்தான்... போய்விட்டான்.

அந்தப் பார்வை போகவில்லை.

மறுநாள் புதிதாகக் கலக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கரைசல் பொல்லாதது. ஈரத்தைக் கண்டால் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். அதன் கையைப் பிடித்து நிறுத்தத்தான் முதலில் அசிட்டைல் அசிட்டோன் என்ற மருந்தை ஊற்றுவது. ஊற்றினால் மஞ்சள் ஏறும். நேற்றுக் குடுவையில் மஞ்சளே இல்லையே... வெறும் தண்ணீர் மாதிரி அல்லவா இருந்தது!

ஊற்ற மறந்தவள் அவள். பழி சுமந்தவன் அவன்.

இன்று மறக்காமல் ஊற்றினாள். கண்ணாடியைத் தோய்த்து மெல்ல மெல்லத் தூக்கி, உலையில் சுட்டாள். ஒரு விரிசல் இல்லை. வானவில் பூசியதுபோல் மெல்லிய படலம்... ஆனாலும் மனசு ஆறவில்லை. இனி அவன் முகம் கொடுத்துப் பேசுவானா?

கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்கே போனாள். கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"தப்பு என்னோடதுங்க. மருந்து ஊத்த மறந்தது நான்தான். உங்க கடையிலயும் சொல்லிட்டேன்."

"அப்பாடா!" அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "உங்க படிப்பக் கெடுத்துட்டேனோன்னு நேத்துலேர்ந்து சாப்பாடு இறங்கலங்க..."

"என்மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. நீங்க சிரிப்ப முழுங்குனத நெனச்சேன்... போயிடுச்சு."

அவள் கண்கள் நிறைந்தன. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. படலம் பூசிய கண்ணாடியை அவன் கையில் வைத்தாள்.

"நாளைக்கு வாங்க. கண்ணாடிக்காக இல்ல... எனக்காக. உங்களப் பிடிச்சிருக்கு."

அவன் காது சிவந்தது. "எனக்கும்தாங்க... அந்தத் திட்டு வாங்கும்போதே. ஆனா மழையா இருக்கே? மறுபடி திரிஞ்சா?"

"மருந்து ஊத்தியாச்சுல்ல..." என்று சிரித்தாள், இந்தமுறை விழுங்காமல். "நீங்க நனைஞ்சுக்கிட்டே வாங்க."